தைப்பொங்கல் சமையல்: புத்தரிசிப் பானை முதல் சுண்டக்குழம்பு வரை

தை முதல் நாளான ஜனவரி 14 அல்லது 15 அன்று அடுப்பில் ஏறும் பொருள்களில் பெரும்பாலானவை அப்போதுதான் வயலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்தவை. புத்தரிசி, புதுவெல்லம், இலையோடு பிடுங்கிய மஞ்சள், பச்சை மொச்சை, மண் ஒட்டிய கிழங்குகள் என எல்லாவற்றிலும் ஈரம் இருக்கும். ஆண்டு முழுவதும் பழகிய நீரளவையும் நேரத்தையும் இவற்றுக்கும் அப்படியே கையாண்டால் சோறு குழைந்து கூழாகிவிடும், மொச்சை கரைந்துவிடும். ஆகவே இந்த விழாவின் சமையலைப் புதுப்பொருளுக்கு உரிய சமையலாகவே அணுக வேண்டும்.

முதலில் பானை. புதிய மண்பானை வாங்கினால் விழாவுக்குச் சில நாள் முன்பே அதை ஓர் இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, பிறகு அரிசி களைந்த நீரையோ வடிகஞ்சியையோ ஊற்றிச் சிறு தீயில் கொதிக்கவிட்டு, ஆறியபின் கழுவிக் காயவைக்க வேண்டும். இவ்வாறு பழக்காத பானை விறகின் தீயில் விரிசல் விடக்கூடும் என்பதுடன், மண்வாடையும் சோற்றில் ஏறிவிடும். வெண்கலப் பானை பொங்கலுக்கு மிகவும் ஏற்றது; அடி கனமாக இருப்பதால் சூடு சீராகப் பரவும். ஆனால் ஈயம் பூசாத பித்தளையிலும் வெண்கலத்திலும் புளி சேர்ந்த எதையும் சமைக்கலாகாது. குழம்புக்கு மண்சட்டி தனியாக இருப்பதே நல்லது.

பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்தையும் இஞ்சிக் கொத்தையும் கட்டி, கிழக்குப் பார்த்த முற்றத்தில் கோலமிட்ட இடத்தில் அடுப்பை மூட்டுவது வழக்கம். தென்மாவட்டங்களில் களிமண்ணால் செய்து சுண்ணாம்பும் காவியும் பூசிய பொங்கல் கட்டிகள் மூன்றை வைத்து, பனையோலையை எரிபொருளாக்குவார்கள். ஓலைத் தீ சட்டென்று ஓங்கிச் சட்டென்று அடங்கும் தன்மையுடையது. எனவே அடுப்பருகே ஒருவர் அமர்ந்து இடைவிடாமல் ஓலையைத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலையைப் பெரியவர் ஒருவரிடம் ஒப்படைப்பதே பாதுகாப்பு.

பால் பொங்கி வழிவது தற்செயலாக நடப்பதன்று. வெறும் தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் நுரைத்து எழாது. அரிசியை முதலில் ஒருமுறை கழுவி அந்த நீரைக் கொட்டிவிட்டு, இரண்டாம் முறை களைந்த நீரைப் பானையில் கழுத்தளவு ஊற்றி, அதனுடன் ஒரு டம்ளர் பசும்பால் சேர்க்க வேண்டும். களைந்த நீரிலுள்ள மாவுச்சத்தும் பாலிலுள்ள புரதமும் குமிழிகளை உடையவிடாமல் தாங்கிப் பிடிப்பதால்தான் நுரை திரண்டு விளிம்பைத் தாண்டுகிறது. நுரை எழத் தொடங்கியதும் தீயைக் குறைக்காமல் ஒரே சீராக எரிக்க வேண்டும். வழிந்ததும் “பொங்கலோ பொங்கல்” என்று குரல் கொடுத்து, வீட்டில் மூத்தவர் மும்முறை கையால் அரிசியை அள்ளி இடுவார். மீதி அரிசியைப் பிறகு சேர்க்கலாம்.

அரிசி இடுமுன் செய்ய வேண்டிய ஒன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கழுத்தளவு ஊற்றிய நீர் பொங்குவதற்குத்தான் தேவை, வேகவைக்க அவ்வளவு வேண்டியதில்லை. எனவே மிகுதியான நீரை அகப்பையால் மொண்டு வேறு பாத்திரத்தில் சூடாக வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் சிறிது சிறிதாகத் திரும்ப ஊற்ற வேண்டும். பழைய அரிசி ஒரு டம்ளருக்கு நான்கு டம்ளர் நீர் பிடிக்குமென்றால், புத்தரிசிக்கு மூன்று டம்ளருக்குச் சற்று மேல் போதும். புத்தரிசி குறைவான நீரைத்தான் உறிஞ்சும், விரைவில் பிசுக்கென்று ஒட்டிக்கொள்ளும். இடையில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கிச் சோறு சமமாக வேகாது. பருப்பில்லாமல், பல வீடுகளில் உப்பும் இல்லாமல், இப்படிப் பாலும் அரிசியும் மட்டும் சேர்ந்து வெந்ததே பால்பொங்கல். சூரியனுக்கு முதலில் படைக்கப்படும் இது, குழம்புக்குச் சோறாகவும் ஆகிறது.

சர்க்கரைப் பொங்கலில்தான் கவனம் அதிகம் வேண்டும். ஒரு டம்ளர் பச்சரிசிக்குக் கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஒன்றரை முதல் இரண்டு டம்ளர் பொடித்த வெல்லம், அரை டம்ளர் நெய் என்பது நல்ல அளவு. பருப்பை வாசனை வரும்வரை, நிறம் மாறாமல், வெறும் வாணலியில் வறுத்தால் அது குழைந்தாலும் கொழகொழப்பாகாது. அரிசியையும் பருப்பையும் மூன்றரை டம்ளர் நீரும் ஒரு டம்ளர் பாலும் சேர்த்து, விரலால் நசுக்கினால் நடுவில் கடினமே இல்லாமல் மசியும்வரை வேகவிட வேண்டும். இந்த ஒன்றில் அவசரப்படவே கூடாது. வெல்லம் சேர்ந்துவிட்டால் அது நீரைத் தன்பால் இழுத்துக்கொள்வதால், அரைவேக்காட்டு அரிசி அதன்பின் எவ்வளவு நேரம் அடுப்பில் இருந்தாலும் மென்மையாகாது. கோயில் பொங்கல் போல வரவில்லையே என்று வருந்துவோரில் பெரும்பாலோர் வெல்லத்தையும் நெய்யையும் குறை சொல்கிறார்கள், ஆனால் குறை அரிசியின் வேக்காட்டில்தான் இருக்கிறது.

வெல்லத்தில் பளீரென்ற மஞ்சள் நிறத்தைத் தேடாதீர்கள். அந்த நிறத்துக்காக இரசாயனம் சேர்க்கப்படுவதுண்டு. கருத்த வெல்லத்திலேயே மணமும் சுவையும் நிறைந்திருக்கும். அது மூழ்கும் அளவு நீர் ஊற்றி, கரைந்ததும் வடிகட்டி, மண்ணையும் கரும்புச் சக்கையையும் நீக்க வேண்டும். புதுவெல்லம் ஈரமுள்ளது என்பதால் கரைக்கும் நீரைக் குறைத்துக்கொள்ளலாம். பாகு பதம் எதுவும் வேண்டியதில்லை, பச்சை வாடை போகும்வரை கொதித்தால் போதும். சோற்றிலுள்ள பால் முற்றிலும் வற்றிய பிறகே, தீயைக் குறைத்துவிட்டு, பாகை ஊற்றிக் கிளற வேண்டும். பால் ததும்பிக் கொதிக்கும்போது வெல்லம் சேர்ந்தால் திரிந்துபோக வாய்ப்புண்டு. நெய்யில் பாதியைக் கிளறும்போது சிறிது சிறிதாக ஊற்றி, மீதியில் முந்திரியையும் உலர்திராட்சையையும் வறுத்து அந்த நெய்யோடு கொட்ட வேண்டும். ஏலக்காய்ப் பொடியும் சிறிது சாதிக்காய்த் துருவலும் இறக்கும் நேரத்தில் சேரட்டும். பச்சைக் கற்பூரம் கடுகளவுக்கு மேல் போனால் கசக்கும். ஆறினால் பொங்கல் இறுகும் என்பதால், சற்றுத் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும்.

பால்பொங்கலுக்குத் துணையான பொங்கல் குழம்பு, என் கருத்தில், இந்த நாளின் தலைசிறந்த உணவு. ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படை எண்ணிக்கையில் நாட்டுக் காய்கள் மட்டும் இதில் சேரும்: மொச்சை, அவரை, கத்தரி, வாழைக்காய், பரங்கி, சர்க்கரைவள்ளி, சேனை, சிறுகிழங்கு. உருளைக்கிழங்கையும் கேரட்டையும் தவிர்த்தால்தான் இதற்குரிய சுவை கிட்டும். சிறுகிழங்கின் தோலைக் கத்தியால் சீவினால் பாதி வீணாகும். நீரில் ஊறவைத்துச் சாக்கில் கொட்டி நன்றாகத் தேய்த்தால் மண்ணும் தோலும் சேர்ந்து கழன்றுவிடும். சேனை, சிறுகிழங்கு, மொச்சை ஆகியவற்றை முதலில் இட்டு, அவை பாதி வெந்ததும் வாழைக்காயையும் அவரையையும், கடைசியில் விரைவில் குழையும் கத்தரி, பரங்கி, சர்க்கரைவள்ளி ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். பச்சை மொச்சையை ஊறவைக்கத் தேவையில்லை.

எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றுவது காய்கள் முழுவதும் வெந்த பிறகே. சர்க்கரைப் பொங்கலில் வெல்லத்துக்குச் சொன்னது இங்கே புளிக்கும் பொருந்தும். புளிப்பு ஏறிய காய் அதன்பின் மென்மையாகாது. புளியின் பச்சை வாடை போனதும், வேகவைத்த துவரம்பருப்பு அரை டம்ளர் சேர்த்து, நல்லெண்ணெயில் வறுத்து அரைத்த மல்லி, மிளகாய் வற்றல், கடலைப்பருப்பு, சிறிது மிளகு, வெந்தயம், தேங்காய் விழுதைக் கலந்து ஒரு கொதி விட்டு, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து இறக்கலாம். பரங்கியும் வள்ளிக்கிழங்கும் இனிப்பைக் கொடுப்பதால் காரம் சற்றுத் தூக்கலாக இருக்கட்டும்.

வெண்பொங்கல் செய்யும் வீடுகளில் ஒரு பங்கு அரிசிக்கு அரைப் பங்கு பாசிப்பருப்பு இட்டு, மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலையை நெய்யில் பொரித்துக் கொட்டுவார்கள். உளுந்து வடைக்குப் பருப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊற வேண்டியதில்லை. அதிகம் ஊறினால் எண்ணெய் குடிக்கும். பனங்கிழங்கு கிடைக்கும் ஊர்களில் அதை உப்பும் மஞ்சள்தூளும் இட்டு வேகவைத்து, தோலையும் நாரையும் நடுவிலுள்ள குருத்தையும் நீக்கி உண்பது வழக்கம்.

மறுநாளான மாட்டுப்பொங்கலன்று, கனுப்பிடி வைக்கும் குடும்பங்களில் முதல் நாள் சோற்றில் சிறிது எடுத்து, மஞ்சளும் குங்குமமும் கலந்து தனித்தனியே உருட்டி, மஞ்சள் இலையில் காக்கைகளுக்கு வைப்பார்கள். அன்று வீட்டாருக்கு எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் ஆகிய கலந்த சாதங்கள். இவற்றுக்கு மட்டும் பழைய அரிசியையே வடித்துக்கொள்வது நல்லது, புத்தரிசிச் சோறு உதிரியாக நிற்காது.

மிஞ்சிய பால்பொங்கலை அன்றிரவே நீரூற்றி வைத்தால் காலையில் பழையது தயார். மிஞ்சிய பொங்கல் குழம்பை இரவில் ஒருமுறை கொதிக்கவிட்டு ஆறவைத்து, காலையில் மண்சட்டியிலேயே சிறு தீயில், அடிப்பிடிக்காமல் அவ்வப்போது கிளறி, காய்கள் கரைந்து எண்ணெய் மேலே பிரியும்வரை சுண்டவைக்க வேண்டும். பருப்புச் சேர்ந்த குழம்பு என்பதால் கொதிக்கவைக்காமல் விட்டால் ஊசிப்போகும். சுண்டும்போது உப்பும் காரமும் தாமாகவே கூடுவதால் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். ஒரு கரண்டி நல்லெண்ணெய் மட்டும் ஊற்றி இறக்கி, பழையதுடன் பரிமாறலாம்.