அண்டலூசியாவின் வெள்ளை மலையூர்கள்: முதல் முறை போகிறவர்களுக்கு

தென் ஸ்பெயினில் செவில்லுக்கும் மாலகாவுக்கும் நடுவே, மலை முகடுகளில் சுண்ணாம்பு அடித்த வீடுகளோடு பல ஊர்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் கிரனாடா முஸ்லிம் அரசுக்கும் காஸ்டில் கிறிஸ்தவ அரசுக்கும் எல்லையாக இருந்த பகுதி இது. எதிரி ஏற முடியாத இடமாகப் பார்த்துக் கட்டினார்கள். இன்று அதே சந்துகளில் கார் திணறுகிறது. இதை மனதில் வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

1. மாதம்

ஏப்ரல், மே நல்லது. இல்லையென்றால் செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் வரை. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஏற்றத்தில் நடக்கவே முடியாது. குளிர்காலத்தில் கிராசலேமாவை நம்பிப் போகாதீர்கள். அட்லாண்டிக் மேகங்கள் அந்த மலையில் முட்டிக் கொட்டுவதால், ஸ்பெயினிலேயே மழை மிகுந்த ஊர்களில் அதுவும் ஒன்று.

2. வண்டி

இந்த ஊர்களில் ரோண்டா மட்டும் போதுமென்றால் பஸ்ஸே போதும். செவில், மாலகா இரண்டிலிருந்தும் ஏறக்குறைய 2 மணி நேரம். சின்ன ஊர்களுக்கு பஸ் குறைவு, சனி ஞாயிறுகளில் இன்னும் குறைவு. அதற்கு வாடகைக் கார்தான் வழி. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். முன்பணத்தைப் பிடித்துவைக்க ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். கியர் இல்லாத வண்டி வேண்டுமென்றால் முன்பதிவிலேயே சொல்லுங்கள். இருப்பதில் சின்ன காரையே எடுங்கள்.

பெட்ரோல் பங்கில் வட்டத்துக்குள் E5 என்றால் பெட்ரோல், சதுரத்துக்குள் B7 என்றால் டீசல்.

3. பாதை

செவில்லிலிருந்து ஆர்கோஸ் 90 கி.மீ. அங்கே ஒரு இரவு. மறுநாள் சஹாரா தெ லா சியெர்ரா, கிராசலேமா என்ற மலையூர்கள் வழியாக ரோண்டா. தூரம் 100 கி.மீ.தான், ஆனால் கொண்டை ஊசி வளைவுகளுக்காக நாள் முழுவதையும் ஒதுக்குங்கள். ரோண்டாவில் இரண்டு இரவு தங்கி, நடுவில் பாறைக் கூரைக்கு அடியில் வீடுகள் செருகியிருக்கும் செத்தெனிலுக்குப் போய் வரலாம்.

4. காரைக் கீழேயே விடுங்கள்

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஹோட்டல் வாசல்வரை போக மேப் வழி காட்டும், சந்தின் அகலத்தை அது பார்ப்பதில்லை. ஆர்கோஸின் பழைய ஊரில் பக்கக் கண்ணாடியை மடக்கினாலும் சுவர் உரசும் இடங்கள் உண்டு. பின்னால் வண்டி வந்துவிட்டால் ரிவர்ஸும் எடுக்க முடியாது. கண்ணாடி, டயர் சேதம் பல காப்பீடுகளில் சேராது. அதனால் அடிவாரத்தில் பசேயோ தெ அண்டலூசியாவின் நிலத்தடி நிறுத்தத்தில் விட்டு, முதுகுப்பையோடு ஏறுங்கள். உருட்டுப் பெட்டி கல் பாவிய தெருவுக்கு ஆகாது.

தெருவில் நிறுத்தினால் கோட்டின் நிறத்தைப் பாருங்கள்: நீலம் கட்டணம், மஞ்சள் தடை.

5. நேரம்

மதியம் 2 முதல் 5 வரை பல கடைகள் சாத்தியிருக்கும்; இரவு உணவு பெரும்பாலும் எட்டரைக்கு மேல்தான். காலையிலும் மாலையிலும் நடங்கள்.

ரோண்டாவின் புதிய பாலத்தை மேலிருந்து மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். 1735-இல் கட்டிய பாலம் ஆறே ஆண்டில் இடிந்த பிறகு, 1793-இல் முடித்தது இது. உயரம் 98 மீட்டர். மரியா ஆக்சிலியதோரா சதுக்கத்திலிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாதையில் போனால்தான், ஆற்றுப்படுகையிலிருந்தே தூண்கள் எழும்பும் விதம் தெரியும். அந்த மேற்கு முகம் காலையில் நிழலில் இருக்கும். மாலை வெயில் விழுந்ததும் கல் பொன்னிறமாகும், அப்போது போங்கள். சறுக்காத செருப்பு, தண்ணீர் அவசியம்.

6. சைவம்

“சின் கார்னே” (கறி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் பன்றித் துண்டோ சூரை மீனோ வந்துவிடும். பலர் அவற்றைக் கறிக் கணக்கில் சேர்ப்பதில்லை. “சின் ஹமோன், சின் அதூன்” (பன்றித் துண்டு இல்லாமல், சூரை மீன் இல்லாமல்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். தக்காளியும் ரொட்டியும் அரைத்த சல்மொரேஹோ என்ற குளிர்ந்த சூப்பின் மேல் ஹமோனும் முட்டையும் தூவித்தான் தருவார்கள்.

7. திரும்பும் வழி

செவில்லில் எடுத்த காரை மாலகாவில் விட்டால் தனிக் கட்டணம் இருக்கலாம், முன்பே கேளுங்கள். ரோண்டாவிலிருந்து மாலகாவுக்கு, சான் பெத்ரோ வழிச் சாலை கடல்வரை வளைந்துகொண்டே இறங்கும். வண்டியில் குமட்டல் வருபவர் இருந்தால் அர்தாலெஸ் வழியாகப் போங்கள்.