மாடிஃபை செய்த சுபாரு எஸ்டிஐ: விற்கும் முன்

அமெரிக்காவில் சுபாருவின் வேகக் காரான எஸ்டிஐயைப் பழையதாக வாங்க வருபவர் பலர் முதலில் கேட்பது, "ஸ்டாக்கா?", அதாவது கம்பெனியில் வந்தபடியே இருக்கிறதா என்பதுதான். 2021 வரை வந்த 2.5 லிட்டர் டர்போ இன்ஜினில் பிஸ்டன் ரிங்குகளுக்கு இடையிலுள்ள விளிம்பு பலவீனமானது. இன்ஜின் கணினியின் அமைப்பைத் தப்பாக மாற்றிய ட்யூனில் நாக்கிங் (எரிபொருள் கலவை தாறுமாறாக வெடிப்பது) வந்தால் அது உடைந்துவிடலாம். ஆகவே மாடிஃபிகேஷனுக்குப் போட்ட காசு திரும்புவது அரிது, பெரும்பாலும் விலையே இறங்கும்.

ஒரிஜினல் இன்டேக்கையும் (காற்று உள்ளே வரும் பகுதி), புகையைச் சுத்தம் செய்யும் கேடலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள டவுன்பைப்பையும் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) திரும்ப மாட்டுங்கள். கூடவே இன்ஜின் கணினியில் ஒரிஜினல் மேப்பையும் (கம்பெனி அமைப்பு) ஏற்றியாக வேண்டும். இன்டேக் குழாயின் விட்டம் மாறினால் காற்றளவு சென்சாரின் கணக்கு பிசகும், எரிபொருள் கலவையும் கெடும். பிறகு சில நாள் சாதாரணமாக ஓட்டுங்கள். மேப் ஏற்றியதும் ஓபிடியின் (காரே தன் கோளாறைக் கண்டறியும் அமைப்பு) சுயசோதனை முடிவுகள் அழிந்துவிடும்; அவை மறுபடி முடியாவிட்டால் கலிபோர்னியா புகைச் சோதனையில் கார் தேறாது.

நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (அழுத்தம்), லீக்டவுன் (காற்றுக் கசிவு) டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். கழற்றிய பாகங்களைத் தனியே விற்றால் கூடுதலாகக் கிடைக்கும். நல்ல டயர், பிரேக் பேடை மாற்ற வேண்டாம். வெட்டிய ஃபெண்டரை (சக்கரத்தின் மேலுள்ள தகடு) மட்டும் பழையபடி ஆக்குவது எளிதல்ல. ட்யூன் ஓடிய விவரத்தை வாங்குபவரிடம் மறைக்காதீர்கள்.