பீரைக் கலங்க வைக்காத பார்லி: சடுதிமாற்றத்தில் தேடிப் பிடிக்கும் வழி

குளிர வைத்த பீர் நாளடைவில் கலங்கிப் போவதற்கு முக்கியக் காரணம், பார்லியின் விதையுறையில் இருக்கும் புரோஆந்தோசயனிடின். அது புரதத்தோடு சேர்ந்து திரண்டுவிடும். ஆலைகள் இதை நீக்கத் தனியாகச் செலவழிக்கின்றன. அந்தப் பொருளே இல்லாத பார்லி கிடைத்தால்? 1970களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகம் அதைத்தான் தேடியது. வழி, சடுதிமாற்றம்: விதையின் மரபணுக்களில் திடீர் மாற்றங்களை உண்டாக்கி, வேண்டியதைப் பொறுக்குவது.

படி 1: தாய் ரகம்
மால்ட்டுக்கு (பீர் காய்ச்ச, முளைகட்டி உலர்த்திய தானியம்) ஏற்கெனவே பேர் வாங்கிய ரகமாகப் பாருங்கள். தண்டின் அடியிலும் கதிரின் மீசையிலும் செந்நிறம் ஓட வேண்டும். அது பிறகு கைகொடுக்கும்.

படி 2: விதையைச் சீண்டுவது
மரபணுவை மாற்ற, ஊறிய விதையை அமிலத்தன்மையுள்ள சோடியம் அசைடு கரைசலில் சுமார் 2 மணி நேரம் வைத்து, நன்றாகக் கழுவ வேண்டும். கடும் விஷம், நச்சு வாயுவும் கிளம்பும். புகைபோக்கி உள்ள ஆய்வகத்தில் மட்டும், பயிற்சி பெற்றவரோடு. கதிர்வீச்சும் உண்டு: செக்கோஸ்லோவாக்கியாவின் டயமன்ட் எக்ஸ் கதிரிலும், பிரிட்டனின் கோல்டன் பிராமிஸ் காமா கதிரிலும் பிறந்தவை. இரண்டும் குட்டை ரகங்கள்.

படி 3: எம்1 (சீண்டிய விதையில் வளரும் முதல் தலைமுறை)
இதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. மரபணு ஜோடியில் ஒன்று கெட்டாலும் மற்றது மூடி மறைத்துவிடும். ஒரே செடியில் கதிருக்குக் கதிர் மாற்றம் வேறுபடும் (இது பயிரின் கதிர், எக்ஸ் கதிர் இல்லை!). அதனால் ஒவ்வொரு கதிரையும் தனிப் பையில் போடுங்கள்.

படி 4: எம்2 (இரண்டாம் தலைமுறை)
எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். ஒரு கதிரின் விதைக்கு ஒரு வரிசை. பார்லி தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால், மறைந்திருந்தது இப்போது வெளியே வரும். செந்நிறமும் புரோஆந்தோசயனிடினும் உருவாகும் பாதையின் முதல் பாதி ஒன்றே. அங்கே அடைபட்டால் இரண்டுமே வராது. ஆக, கருவி எதுவும் வேண்டாம், வயலில் நடந்தால் போதும். செந்தண்டுகள் நடுவே ஒன்று மட்டும் வெறும் பச்சையாக நிற்கும். அதற்கு ஒரு துணித்துண்டைக் கட்டி வையுங்கள்.

ஆனால் நிறம் மட்டும் போன செடிகளும் அதில் இருக்கும். அவற்றின் விதையில் புரோஆந்தோசயனிடின் இன்னும் இருப்பதால், அமிலம் கலந்த வெனிலினில் போட்டால் சிவக்கும். ஐஸ்கிரீமில் மணக்கிற அதே வெனிலின்தான். சிவக்காத விதைதான் நமக்கு வேண்டியது.

படி 5: எம்3 முதல்
குணம் நிலைக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கொஞ்சம் தானியத்தை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி மால்ட் ஆக்குங்கள். தானியத்தில் பார்க்க வேண்டியவை: முளைப்பு 95 சதவீதத்துக்கு மேல், புரதம் ஏறக்குறைய 10 முதல் 11 சதவீதம், 2.5 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கும் பருத்த மணி.

விளைச்சல் பெரும்பாலும் ஏமாற்றும். மற்ற மரபணுக்களும் அடிபட்டிருக்கும் அல்லவா! நல்ல ரகத்தோடு மறுபடி மறுபடி கலப்புச் செய்ய வேண்டும், வருடங்கள் போவது இதில்தான். ஒவ்வொரு கலப்புக்கும் இரண்டாம் தலைமுறை வயலில் இறங்கித் தேடுவது அதே பச்சைத் தண்டை.