கேம்பர் வேன் பேட்டரி: வெயிலுக்கும் குளிருக்கும் ஒரே வோல்டேஜ் ஆகாது

12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியை சார்ஜ் செய்யச் சொல்லப்படும் 14.4 வோல்ட் பொதுவாக 25 டிகிரி செல்சியஸுக்கான கணக்கு. பேட்டரி சூடாக இருந்தால் அதே வோல்டேஜில் கூடுதல் கரண்ட் இழுக்கும், தண்ணீர் வாயுவாகப் பிரிந்து போகும், சூடு இன்னும் ஏறும். குளிரில் உள்ளே வேதிவினை மந்தம், 14.4 போதாமல் அரைகுறையாக நின்று, தகட்டில் சல்ஃபேட் இறுகும். மே மாதம் ராஜஸ்தானில் கிளம்பி லே வரை ஏறும் வேன் இரண்டையும் ஒரே பயணத்தில் சந்திக்கும்.

அதனால் சூட்டில் வோல்டேஜைக் குறைத்து, குளிரில் கூட்ட வேண்டும். இந்தத் திருத்தம் பெரும்பாலும் செல்லுக்கு, டிகிரிக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட். சரியான எண்ணை பேட்டரி தயாரிப்பாளரின் தாளில் பாருங்கள். 4 என்று கொண்டால், 12 வோல்ட் பேட்டரியின் ஆறு செல்லுக்கு டிகிரிக்கு 24 மில்லிவோல்ட். பேட்டரி 45 டிகிரியில் இருந்தால் 20 × 24 = 480 மில்லிவோல்ட் குறைத்து 13.92. 5 டிகிரியில் அதையே கூட்டி 14.88. ஃப்ளோட்டுக்கும் (நிரம்பிய பேட்டரியை அப்படியே வைத்திருக்கும் குறைந்த வோல்டேஜ்) இதே கணக்குதான்.

சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் இந்த எண்ணைப் போடும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். சிலவற்றில் 2 வோல்ட் செல்லுக்கான எண் கேட்கும், சிலவற்றில் மொத்த பேட்டரிக்கு. செல்லுக்கான இடத்தில் 24 என்று போட்டால் திருத்தம் ஆறு மடங்கு; 20 டிகிரி மாறினாலே 2.88 வோல்ட் தாவும். சூடு ஏறினால் வோல்டேஜ் இறங்க வேண்டும் என்பதால், மைனஸ் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். உச்ச வரம்பு வைக்க வழி இருந்தால் 15 வோல்ட்டில் நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜ், பம்ப், எல்இடி விளக்கு எல்லாம் அதே லைனில்தான் தொங்குகின்றன. ஜெல் பேட்டரிக்கு வரம்பு இன்னும் கீழே.

வெப்பநிலை சென்சாரை பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலில், அதன் லக்கோடு (நுனியில் உள்ள உலோக வளையம்) சேர்த்து முடுக்குங்கள். லக் இல்லாத வகை என்றால் பக்கவாட்டில் நடு உயரத்தில் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஃபோம் வையுங்கள். கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் சென்சாரை நம்ப வேண்டாம்: அது தன் சூட்டையே அளந்து வோல்டேஜைக் குறைத்துவிடும். காற்றின் வெப்பநிலையும் உதவாது. இரவில் வேன் சில்லிட்டாலும், அத்தனை கிலோ ஈயம் குளிரப் பல மணி நேரம் ஆகும்.

சோதிக்க, பேட்டரி நிரம்பி ஃப்ளோட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். அதற்கு முன், முழு கரண்ட் பாயும் கட்டத்தில் வோல்டேஜ் கன்ட்ரோலர் கையில் இல்லை, எதுவும் தெரியாது. மல்டிமீட்டரை நேராக டெர்மினலில் வைத்துக்கொண்டு, கழற்றிய சென்சாரை உள்ளங்கையில் பொத்திப் பிடியுங்கள். சென்சார் 8 டிகிரி சூடானால் ஏறக்குறைய 0.2 வோல்ட் இறங்க வேண்டும். அசையவே இல்லையா? வயர் அறுந்திருக்கலாம், அப்போது பல கன்ட்ரோலர்கள் சத்தமில்லாமல் 25 டிகிரி என்றே எடுத்துக்கொள்ளும். ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் ஏற்றும் டிசி-டிசி சார்ஜருக்கும் தனியாக ஒரு சென்சார் தேவை.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி போட்டிருந்தால் திருத்தத்தை 0 ஆக்குங்கள். அதற்கு சென்சார் வேறு வேலைக்கு: 0 டிகிரிக்குக் கீழே சார்ஜை அடியோடு நிறுத்த. அந்தக் குளிரில் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படியும், போன திறன் திரும்பாது.