மலையக மரங்களின் நீர்க்கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழேயுள்ள பீலியில், அதாவது ஊற்றுநீர் விழும் குழாயில், தண்ணீர் நூலாக இளைக்கும்போதுதான் மேலேயுள்ள காட்டைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம். அந்தப் பேச்சில் முதலில் வருவது, ஆண்டின் மொத்த மழையை வைத்து மரங்களின் நிலையை மதிப்பிடும் தவறு. இலங்கை மலையகத்தின் வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தாலும், மரத்துக்குப் பயன்படுவது அதன் வேர் எட்டும் ஆழத்தில் தங்கிய ஈரம் மட்டுமே. ஒரு மாத மழை இரண்டே நாளில் கொட்டினால் அதில் பெரும்பங்கு சரிவில் வழிந்து ஓடிவிடுகிறது. மெல்லிய தூறலாகச் சிதறினால் ஒரு பகுதி இலைகளிலேயே தங்கி, மண்ணைத் தொடாமல் ஆவியாகிறது. ஆகவே மழைப் பதிவேட்டைப் புரட்டுபவர்கள் மொத்தத்தோடு நின்றுவிடாமல், மழையில்லாத நாட்கள் எத்தனை தொடர்ந்து வந்தன என்பதையும் எண்ண வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் ஹற்றனும் மஸ்கெலியாவும் நனைந்துகொண்டிருக்கும் அதே வாரங்களில், வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்தில் கச்சான் காற்று உலர்ந்து வீசுவதால், ஒரு சரிவின் கணக்கை மறு சரிவுக்குப் பொருத்துவதும் பிழையே.

இதைவிட ஆழமான தவறு, மண்ணை மட்டும் பார்த்துக் காற்றை மறந்துவிடுவது. மரம் கரியமில வாயுவை உள்ளெடுக்க இலைத்துளைகளைத் திறக்கும்போது, வேர் உறிஞ்சிய நீரில் மிகப் பெரும்பகுதி அவற்றின் வழியே நீராவியாக வெளியேறுகிறது. வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால் காற்று கொள்ளக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. காற்றின் ஈரம் அதற்கேற்பக் கூடாதபோது, மண்ணின் ஈரம் மாறாதிருந்தும் இலையிலிருந்து நீரை இழுக்கும் விசை அதிகரிக்கிறது. தண்டின் நுண்குழாய்களில் நீர் இழுபட்ட இழைபோல நிற்கிறது. இழுவிசை எல்லை மீறினால் அந்த இழை அறுந்து காற்றுக்குமிழி அடைத்துக்கொள்ளும். இதைத் தவிர்க்கச் சில இனங்கள் துளைகளை முன்கூட்டியே மூடி, உணவுத் தயாரிப்பைக் குறைத்துக்கொள்கின்றன. வேறு சில திறந்தே வைத்து ஆபத்தை ஏற்கின்றன. இலை பச்சையாக இருக்கிறதே என்று நிம்மதி அடைய முடியாததும் இதனால்தான். ஒரு வறட்சியின் சேதம் பல பருவங்கள் கழிந்து, நல்ல மழைக்காலத்தில் உச்சிக்கிளை காய்வதாகவும் வெளிப்படலாம்.

மூடுபனியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது இன்னொரு குறை. ஹோர்ட்டன் சமவெளியில், 2,000 மீற்றருக்கு மேல், பாசி படர்ந்த கிளைகள் பனிநீரைச் சீவி எடுத்து மண்ணுக்குச் சொட்ட விடுகின்றன. வெட்டவெளியில் வைத்த மழைமானி இதைக் காட்டாது. பனி மூடிய நேரத்தில் இலைகள் நீரை இழப்பதும் வெகுவாகக் குறைகிறது என்பதால், மழை குறையாமல் மூடுபனி மட்டும் குறைந்தாலும் அக்காடு தாகமடையும். எனினும் அங்கு உச்சியிலிருந்து கருகும் கீன மரங்களைக் கண்டதும் மழைக்குறைவின் மீது மட்டும் பழிபோடுவது அவசரம். மண், நோய், காற்று மாசு ஆகியவற்றையும் ஆய்வாளர்கள் காரணங்களாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

எந்த மரத்தை நட்டாலும் ஊற்று பெருகும் என்ற நம்பிக்கை நல்லெண்ணத்தில் பிறந்தது. அதனாலேயே அதைத் திருத்துவது கடினமாக இருக்கிறது. புல்வெளியில் நெருக்கமாக நட்ட பைன் மரங்களும், டேர்பன்டைன் என்று பலரும் அழைக்கும் யூகலிப்டஸும், வேகமாக வளர்வதாலும் ஆண்டு முழுவதும் இலையோடு நிற்பதாலும் புல்லைவிட அதிக நீரைச் செலவிடுகின்றன. தென்னாபிரிக்காவின் மலைச்சரிவுகளில் நீண்டகாலம் அளந்தபோது, இத்தகைய நடுகையின் பின் ஓடைநீர் குறைந்தது தெளிவாகப் பதிவானது. ஊற்றுக்கண்ணைச் சுற்றி அவ்விடத்துக்குரிய நாட்டு மரங்களையே நட வேண்டும். ஆனால் ஏற்கெனவே நிற்கும் டேர்பன்டைன் மரங்களை ஒரே மூச்சில் வெட்டிச் சாய்ப்பதும் தவறு: வேர்கள் உக்கிய பின் செங்குத்துச் சரிவைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. சிறு சிறு பகுதியாக அகற்றி, நாட்டுக் கன்றுகள் வேர்பிடித்த பிறகே அடுத்த பகுதிக்குச் செல்ல வேண்டும். அக்கன்றுகளுக்கு நாள்தோறும் மேலோட்டமாகத் தெளிப்பதைவிட, சில நாட்களுக்கு ஒருமுறை ஆழமாக நனையும்படி ஊற்றினால் வேர் கீழ்நோக்கி இறங்கும்.