பழைய ஆங்கிலப் பத்திரத்தைப் படிக்க ஒரு வழி

தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தால் பலர் முதல் பத்தியிலேயே மிரண்டுவிடுகிறார்கள். மிரளத் தேவையில்லை. 'ஹியர்' என்று தொடங்கும் கூட்டுச்சொல் வந்தால் 'இந்தப் பத்திரம்' என்றும், 'தேர்' என்று தொடங்கினால் 'முன்னே சொன்ன அந்தப் பொருள்' என்றும் எடுத்துக்கொள்ளுங்கள். 'ஹியர்இன்ஆஃப்டர்' என்றால் இந்தப் பத்திரத்தில் இனிமேல். 'தேர்ஆஃப்' என்றால் அதனுடைய. பாதிச் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும்.

'பை தீஸ் பிரசென்ட்ஸ்' என்ற தொடர் பலரைக் குழப்பும். இதற்கும் பரிசுக்கும் சம்பந்தமில்லை. 'இந்த ஆவணத்தின் மூலம்' என்பதே பொருள். 'மெஸ்விஜ்' என்ற சொல்லை எழுத்தில் பார்த்தால், 'மெசேஜ்' நடுவே ஒரு 'யு' தவறி விழுந்தது போல் இருக்கும். எழுத்துப்பிழை என்று தாண்டிப் போய்விடாதீர்கள். வீடு, அதைச் சேர்ந்த கொட்டகைகள், சுற்றியுள்ள மனை எல்லாம் அதில் அடங்கும். சொத்தின் அளவையே சொல்லும் வாக்கியத்தில் வரக்கூடிய சொல் என்பதால் கட்டாயம் கவனியுங்கள். 'அப்பர்ட்டனன்ஸ்' என்றால் சொத்தோடு சேர்ந்து வரும் பாதை உரிமை போன்றவை.

பத்திரத்தோடு பழைய கடிதங்கள் இருந்தால் தேதிகளைப் பாருங்கள். 'இன்ஸ்டன்ட்' இந்த மாதம், 'அல்டிமோ' சென்ற மாதம், 'பிராக்சிமோ' அடுத்த மாதம். பெரும்பாலும் சுருக்கியே எழுதியிருப்பார்கள். மார்ச் 3-ஆம் தேதிக் கடிதத்தில் '25 அல்ட்' என்றிருந்தால், அது பிப்ரவரி 25.