கெட்டுப்போன வாஷரைக் கையோடு கொண்டுபோங்கள்

குழாய் ஒழுகினால் ஆன்லைனில் தேடாதீர்கள். குழாய்க்குத் தண்ணீர் வருவதை நிறுத்தும் கேட் வால்வை மூடிவிட்டு, பழுதான பாகத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு தெருமுனை ஹார்டுவேர் கடைக்குப் போங்கள். அரை இன்ச்சா முக்கால் இன்ச்சா என்று நாம் குழம்புவதை, கடைக்காரர் கையில் வாங்கிப் பார்த்ததுமே சொல்லிவிடுவார். வாஷர் மட்டும் போதுமா, கைப்பிடியோடு சுழலும் தண்டான ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஒரே ஒரு வாஷர் கேட்டாலும் கொடுப்பார்கள். ஆன்லைனில் பெரும்பாலும் பாக்கெட்டாகத்தான் வாங்க வேண்டும். கடையில் வாங்கியது அளவு சேராவிட்டால் அன்றே மாற்றிக்கொள்ளலாம் (கசிவைத் தடுக்கும் டேப்பைச் சுற்றிய பிறகு திருப்பிக் கொண்டுபோனால் முகம் சுளிப்பார்கள், அது வேறு!).

சுடுநீரும் பச்சைத் தண்ணீரும் ஒரே கைப்பிடியில் வரும் மிக்சர் குழாய்க்கு இது சரிப்படாது. அதற்குள் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் பாகமான கார்ட்ரிட்ஜ் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதற்கு அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே கேளுங்கள்.